முடிவு ஜெபம் சொல்லாத ஞாயிறு

எங்கள் சபையில் பிள்ளைகளை வகுப்பில் விடவும் திரும்பக் கூட்டிப்போகவும் இப்போது கைப்பேசியில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. தாயோ தகப்பனோ வாசலில் கைப்பேசியை நீட்டினால் உள்ளே ஒரு திரையில் பிள்ளையின் பெயர் வருகிறது. கொல்லிமலையில் எங்கள் வளப்பூர் நாட்டுப் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் அந்த மாதங்களில் பிள்ளையின் பெயரை வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். மற்றபடி நல்ல ஏற்பாடுதான்.

இதற்காக வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் பேச அழைத்திருந்தார்கள். முதலில் பதினைந்து நிமிடம் என்றார்கள். திரை வேலை செய்யாமல் காலை நேரம் போய்விட்டதால் அது ஐந்து நிமிடமாயிற்று. சமையல் அறையிலிருந்து தாளிக்கும் வாசனை வந்த பிறகு, "ஐயா ஆசீர்வாதம் மட்டும் சொன்னாப் போதுங்க" என்றாயிற்று. சொன்னேன். பேச வைத்திருந்ததை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. பிரசங்கம் பண்ணத்தான் கொல்லிமலை ஏறினேன். அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதை அண்ணனிடம் விட்டுவிட்டு, சேலத்தில் வேதாகமப் பள்ளியில் படித்தேன். அங்கே கற்றதில் பாதி பிரசங்கம், மீதிப் பாதி நூறு பேருக்குச் சாம்பார் வைப்பது. எங்கள் பாஸ்டர் ஐயா என்னை உதவி ஊழியராகக் கூப்பிட்டபோது ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்துகொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்ததில் பாதி வழியில் வாந்தி எடுத்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் ஐயா என் தோளில் கை வைத்து, "பிரதர், நாம் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம்" என்றார்.

அந்த 'நாம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐயா தென்மாவட்டத்துக்காரர். மேடையில் பேசுவதைப் போலவேதான் வீட்டிலும் பேசுவார், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருக்கும் எதையும் உத்தரவிடவும் மாட்டார். "நாம் இந்த நாற்காலிகளை அடுக்கிவிடுவோம்" என்பார். அடுக்குவது நான். "நாம் இந்த மாதம் கொஞ்சம் சிக்கனமாக இருப்போம்" என்பார். இருப்பது நான். முடியாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. ஏதாவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து, "ஜெபிப்போம் பிரதர்" என்று கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்போது வேறு விஷயம் பேசுவார். நமக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் மனிதர் உழைப்பாளி. தகரக் கொட்டகையில் சில குடும்பங்களோடு தொடங்கிய சபையைக் கட்டடமாக்கினார். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கென்று தனிக் கூடமும் கட்டினார். கீழே சமவெளிக்காரர் ஒருவர் இரண்டுக்கும் மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். மார்கழியில் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு ஆராதிக்கிற எங்களுக்கு மின்விசிறி. ஒரே ஒரு நாள், அதைப் பிரதிஷ்டை செய்த அன்று, சுற்றவிட்டோம். பல பேருக்குச் சளி பிடித்தது.

என் வகுப்பு வளர்ந்த கதையும் அப்படித்தான். முதல் வருடம் பிள்ளைகள் ஒரு பெஞ்சில் அடங்கினார்கள். பிறகு நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் வாராவாரம் முட்டை அனுப்பத் தொடங்கினார். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. மூன்றே மாதத்தில் கூடம் நிரம்பிவிட்டது. பாதிக்கு மேல் சபைக்கு வராத குடும்பத்துப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, அப்பா அம்மா மிளகு பறிக்கப் போயிருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கதை உண்டு, பாட்டு உண்டு, முட்டை உண்டு. யார்தான் வரமாட்டார்கள்? ஐயா இதைப் பரிசுத்த ஆவியின் எழுப்புதல் என்று மேடையில் அறிவித்தார். பறவைக் காய்ச்சல் என்று பேச்சு வந்து முட்டை நின்றபோது எழுப்புதலும் நின்றது. ஐயா உபவாச ஜெபம் வைத்தார். நான் கீழே போய்ப் பண்ணைக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டில் எது பலித்ததென்று நாங்கள் விவாதித்ததில்லை.

பிள்ளைகள் பெருகினால் வகுப்பு எடுக்க ஆள் வேண்டும். சம்பளம் வாங்குகிறவனை வேலையிலிருந்து நிறுத்தலாம். சும்மா வந்து உதவுகிறவனை நிறுத்தவே முடியாது என்பது நான் கற்ற முதல் பாடம். ஒருவர் தாளம் தப்பிப் பாடுவார். ஆனால் ஆர்மோனியம் அவருடையது. இன்னொரு அம்மாவுக்குப் பிசாசுக் கதை தவிர வேறு தெரியாது. சிறுசுகள் ராத்திரியில் படுக்கையை நனைக்கின்றன என்று பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் எல்லாரும் ஒரே குரலில், "கர்த்தர் எனக்கு அந்தப் பாரத்தைக் குடுக்கலீங்க" என்பார்கள். அந்தப் பாரத்தைக் கர்த்தர் ஜெயா என்ற ஒரே பெண்ணுக்குத்தான் கொடுத்திருந்தார். ஜெயா தையல் கடை வைத்திருந்தவள். மலைப்பாதையில் ஸ்கூட்டர் ஓட்டுவாள். அதிலும் வேகமாக ஓட்டுவாள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிறு, முட்டை வாங்கிக்கொண்ட பையன் ஒருவன் தானாகவே நடந்துபோய் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அடிவாரம் வரை யாரும் கவனிக்கவில்லை. பஸ் திரும்ப மேலே வந்தபோது கண்டக்டர் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் கூடத்துக்குள் வந்தார். பெயர் செல்வராஜ். மனைவி மட்டும் சபைக்கு வருவார், இவர் வரமாட்டார்.

"ஏனுங்க, இது சர்ச்சா, பஸ் ஸ்டாண்டா?" என்றார். "பஸ் ஸ்டாண்டுல கூட ஒரு ஆள் உக்காந்து கேக்கறாங்க, எங்க போறேன்னு. இங்க கேக்கறதுக்கு நாதி இல்லீங்களா?"

அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஐயாவிடம் சொன்னேன். அவர் துண்டை எடுப்பதற்குள் செல்வராஜே சொல்லிவிட்டார்: "அடுத்த வாரத்திலிருந்து நானே வாசல்ல நிக்கறேனுங்க."

வார விடுமுறையை ஞாயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அவர் வைத்த சட்டங்கள் இரண்டு. ஒரு சின்ன அட்டையில் பிள்ளையின் பெயர் எழுதிக் குறுக்கே கிழிப்பார். ஒரு துண்டு பிள்ளையின் சட்டையில், மறு துண்டு கூட்டி வந்தவர் கையில். இரண்டு துண்டும் பல்லோடு பல் பொருந்தினால்தான் பிள்ளையைக் கொடுப்பார். இன்னொன்று, முடிவு ஜெபம் ஆகாமல் கதவு திறக்காது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெற்றோர் பாதிப் பாட்டில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவார்கள். "வண்டி நிக்கறதுக்கு முன்னால ஆரும் எறங்கக் கூடாதுங்க" என்பார் செல்வராஜ்.

ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்படியிருந்தும் சொந்த அத்தையைக்கூட அட்டை இல்லாமல் அவர் விடமாட்டார். ஒருமுறை பாஸ்டர் அம்மாவே அட்டையைத் தொலைத்துவிட்டுத் தன் மகனுக்காக அரை மணி நேரம் வெயிலில் நின்றார். என்னிடம் வராத புகார் இல்லை. அந்த மனிதரை எப்படியாவது ஆர்மோனியத்துக்கு மாற்றிவிட முடியுமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை. மேலே சொன்ன காரணம்தான்.

அந்த நாட்களில்தான் எங்கள் சபைப் பொருளாளர் தங்கராசுவின் மகள் கிருபா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். கையில் ஆறு வயதுப் பெண், ஜெனி. தங்கராசு மிளகும் காப்பியும் வாங்கி விற்பவர். சபையில் ஐயாவுக்கு அடுத்த நாற்காலி அவருடையது. மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கத்தில் பிரபலமான பிரசங்கியார். கன்வென்ஷன் சுவரொட்டிகளில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வந்ததுபோல மகள் ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்று தங்கராசு சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வெடுக்க வந்த மகள் செம்மேட்டில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். அதனால் ஜெனியைத் தாத்தாதான் வகுப்புக்குக் கூட்டி வருவார்.

முதல் ஞாயிறு மட்டும் கிருபாவே வந்தாள். பெயர் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் குனிந்து பேசினாள்.

"ஐயா, எம்புள்ளைய என் கையில குடுங்க. இல்லாட்டி எங்கப்பா கையில. வேற ஆரு வந்தாலும் குடுக்காதீங்க."

"வேற யாரும்மா வரப் போறாங்க?" என்றேன்.

இடது கையை மேசைமேல் வைத்தாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"கதவு இடுக்குல வெச்சுச் சாத்துனாருங்க. அன்னைக்குப் புள்ள தூங்கிட்டிருந்தா. அடுத்த தடவை முழிச்சிருந்தா என்னாகுமோன்னுதான் வந்துட்டேன். அப்பாகிட்டச் சொன்னேன். மாப்பிள்ளை ஊழியக்காரரு, வாயைத் தொறக்காதேங்கறாரு."

அன்று சாயங்காலமே ஐயாவிடம் போய் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். "ஜெபிப்போம் பிரதர்" என்றார். கண்ணைத் திறந்ததும் கூடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசினார்.

சில மாதம் கழித்துக் குடும்ப ஞாயிறு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய நாள். வெளியூர்ப் பிரசங்கியார், ஆராதனை முடிந்ததும் பிரியாணி. அந்த வருடப் பிரசங்கியார் யார் என்பதை ஐயாவும் பொருளாளரும் கடைசி வரை சொல்லவில்லை. எல்லாருக்கும் சந்தோஷ ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார்கள். காலையில் ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆச்சரியம் வந்தது. தங்கராசுவின் மாப்பிள்ளை. தலைப்பு, தகப்பனின் அன்பு.

நல்ல குரல். அதை மறைக்க முடியாது. பிள்ளைகளின் கூடம் வரை தெளிவாகக் கேட்டது. காணாமற்போன மகனுக்காகத் தெருமுனையில் காத்து நிற்கும் தகப்பனை அவர் வருணித்தபோது அந்தப் பக்கம் பெண்கள் மூக்கைச் சிந்துவது எங்களுக்கே கேட்டது. ஜெனி காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குரலை அவள் அடையாளம் கண்டாளோ என்று பார்த்தேன். இல்லை. வீட்டில் அவர் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டார். நான் எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பிள்ளைகளைச் சத்தமாகப் பாடச் சொன்னேன்.

ஆராதனை முடிகிற நேரத்தில் செல்வராஜ் உள்ளே வந்து என் காதில் சொன்னார்.

"அண்ணே, ஜெனிக்கு அட்டை வந்திருக்குங்க. ஆனா கொண்டாந்த கை வேற."

ஜெனியின் சட்டையிலிருந்த துண்டைக் கழற்றி, உள்ளங்கையில் இரண்டையும் சேர்த்துக் காட்டினார். பல்லோடு பல் பொருந்தியது.

"அவங்கப்பா வந்திருக்காருங்க. பொருளாளரே அட்டையை அவரு கையில குடுத்தாரு, நான் பாத்தேன். காரும் வாசல்லயே நிக்குது. சாப்பிடக் கூட இல்லையாம், ஒடனே கெளம்பறாங்களாம்."

வாசலுக்குப் போனேன். தங்கராசு தனியாக என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஞானமணி, பிரச்சனை பண்ணாதீங்க. கண்ணுக்குட்டி போனாப் பசு பின்னாலயே போயிரும். ஒரு குடும்பம் சேரட்டும்ங்க."

"கிருபாவுக்குத் தெரியுங்களா?"

"தெரியறப்பத் தெரிஞ்சுக்கட்டும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மகளின் விரலைப் பார்த்தவர்தான். ஆனால் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார வேண்டியவரும் அவர்தான். பின்னால் மாப்பிள்ளை புன்னகையோடு நின்றிருந்தார். கையில் பெரிய சாக்லேட் பெட்டி.

சட்டம் அவர் பக்கம், அட்டையும் அவர் பக்கம். தாத்தா சம்மதம், ஐயாவின் சம்மதம், சபையின் கண்ணீர், எல்லாம் அவர் பக்கம். தகப்பனிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்? எந்தச் சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே இத்தனை நாள் ஓட்டினேனோ அதுவே அன்று சரியாக வேலை செய்து என்னை மாட்டிவைத்தது.

திரும்பி உள்ளே வந்தேன். செல்வராஜ் என் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க பண்றது? அட்டை கரெக்டா இருக்குங்களே" என்றார்.

"அட்டை கரெக்டுதான். முடிவு ஜெபம் ஆச்சா?" என்றேன்.

கையிலிருந்த துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

"ஆகலீங்க. வண்டி இன்னும் ஓடிட்டிருக்குங்க."

ஜெயாவைக் கூப்பிட்டு, பின்வாசல் வழியாகச் செம்மேட்டுக்குப் போய்க் கிருபாவைக் கூட்டி வரச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனாள். போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இன்னொரு கதை இருக்கு" என்றேன்.

உலகத்தில் மிருகங்களை எல்லாம் ஜோடி ஜோடியாக ஏற்றுகிற பேழைக் கதையைப்போல நேரம் கடத்த வசதியான கதை கிடையாது. வழக்கமாக யானை, சிங்கம், ஒட்டகம் என்று மூன்றோடு முடித்து மழையைக் கொண்டுவந்துவிடுவேன். அன்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மிருகம். பெஞ்சுகளை வளைத்துப் பேழை செய்தோம். கரடி ஏறியது, காட்டுப்பன்றி ஏறியது, மலை அணில் ஏறியது. ஒரு பையன் எழுந்து, "ஐயா, டிக்கெட் வாங்காம எப்படிங்க ஏறும்?" என்று கேட்டான். நியாயம்தான். செல்வராஜ் கதவிலிருந்து நகராமலே மிருகங்களுக்கெல்லாம் அட்டை கிழித்துக் கொடுத்தார். ஜெனி முள்ளம்பன்றி. யாரும் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றதால் அவளைப் பேழையின் மூலையில் என் காலடியில் உட்காரவைத்தேன்.

ஜன்னலைத் தட்டினார் ஐயா. கொஞ்சமாகத் திறந்தேன்.

"பிரதர், நாம் இன்னும் முடிக்கவில்லையா?"

"ஆவியானவர் நடத்திட்டிருக்கார் ஐயா" என்றேன்.

அது அவருடைய வாக்கியம். ஆராதனை நீண்டு பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் முணுமுணுக்கும்போதெல்லாம் அவர் சொல்வது. அதற்கு மேல் பேச்சு கிடையாது.  ஐயா ஜன்னல் கதவை அவரே மெல்லச் சாத்தினார்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பிரியாணி வாசனை கதவிடுக்கில் நுழைந்தது. "ஏனுங்க, எம்புள்ளைய உடுங்க, ஊட்டுல மாடு கத்தும்" என்று ஒரு தாய் கதவைத் தட்டினாள். "முடிவு ஜெபம் ஆகலீங்க" என்றார் செல்வராஜ். மாப்பிள்ளை சாக்லேட் பெட்டியை ஆட்டிக் காட்டி, பிரசங்கக் குரலிலேயே, "பிரதர், என் மகளை நான் பார்க்க வேண்டும்" என்றார். "முடிவு ஜெபம் ஆகலீங்க." தங்கராசு சத்தம் போட்டார். "நீங்களே ஏறுனாலும் அதே ரூல்தானுங்க பொருளாளரே." அந்த மனிதரை ஆர்மோனியத்துக்கு மாற்ற நினைத்ததற்காக வெட்கப்பட எனக்கு நேரம் இல்லை. மழை பெய்விக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகள் விரலைச் சொடுக்கி மழை பெய்வித்தார்கள். நின்றது. மறுபடி பெய்வித்தேன். எனக்குக் கதை தீர்ந்துகொண்டிருந்தது, தொண்டை கட்டிவிட்டது. பேழைக்குள் மிருகங்கள் என்னென்ன சாப்பிட்டன என்று தெரியாத்தனமாக ஆரம்பித்தேன். அது பெரிய பிழை. எல்லாருக்கும் பசி நினைவு வந்துவிட்டது.

"ஐயா, பசிக்குதுங்க" என்றாள் ஜெனி.

"இதா முடிஞ்சிருச்சு சாமி."

"அப்பவும் அதேதான் சொன்னீங்க."

அவள் பயப்படவில்லை. வெளியே யார் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய வேலை. முட்டை கூடைக்குள்தான் இருந்தது. கொடுத்துவிட்டால் வகுப்பு முடிந்ததாகப் பிள்ளைகளே எழுந்துவிடுவார்கள். கொடுக்கவில்லை.

கடைசியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இம்முறை ஜெயா தள்ளிக்கொண்டு வரவில்லை. நேராக முற்றத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். கிருபா இறங்கினாள். சமையல் துணி இடுப்பில் அப்படியே இருந்தது. நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "கிருபா, எல்லாரும் பார்க்கறாங்க. உள்ளே போய்ப் பேசலாம் வா" என்றார்.

"உள்ள போய்ப் பேசித்தானுங்க இந்தக் கை இப்படி ஆச்சு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முற்றம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினாள். "கதவு இடுக்குல வெச்சுச் சாத்துனது இவருதான். எங்கப்பனுக்கும் தெரியும். பாஸ்டர் ஐயாவுக்கும் தெரியும். இப்ப உங்க எல்லாருக்கும் தெரியும்."

"வாயை மூடு" என்றார் தங்கராசு. 

காலையில் மூக்கைச் சிந்தியவர்கள் எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன்.

"நாம் அனைவரும் கண்களை மூடி இந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்றார்.

முற்றமே தலை குனிந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடாமல் இருக்க முடியுமா? பிரசங்கியார் அல்லவா. அவரும் மூடினார், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டார். ஐயா தொடங்கினார். உலகம் உண்டானதிலிருந்து தொடங்கினார்.

நான் உள்ளே திரும்பி, என் வாழ்க்கையிலேயே சிறிய முடிவு ஜெபத்தைச் சொன்னேன். ஆமென் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிருபா சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்திருந்தாள். செல்வராஜ் அங்கே போய் நின்றார்.

"அட்டை?" என்றார்.

 கிருபா வெறும் கையை விரித்தாள்.

செல்வராஜ் சட்டைப் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து, ஜெனி என்று எழுதி, குறுக்கே கிழித்தார். ஒரு துண்டைக் கிருபாவின் கையில் வைத்தார். மற்றொன்றைப் பிள்ளையின் சட்டையில் குத்தினார். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது. வழியை விட்டு விலகினார். அதற்குள் ஜெயா ஸ்கூட்டரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று பேரும் அதில் ஏறிப் போனார்கள்.

ஐயாவின் ஜெபம் இன்னும் தீர்க்கதரிசிகளின் காலத்தையே தாண்டவில்லை. அவர் அவ்வளவு நீளமாக ஜெபித்து நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. தெரிந்து நீட்டினாரா, வழக்கம்போல முடிவெடுக்காமல் இருக்க நீட்டினாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஸ்கூட்டர் சத்தம் முழுதாக அடங்கிய பிறகு ஆமென் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சாப்பிடலாமா பிரதர்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் சாப்பிடவில்லை. கார் போய்விட்டது.

மறுவாரம் தங்கராசுவும் அவருடைய உறவுக்காரர்களும் சபையை விட்டுப் போனார்கள். முன்வரிசை காலியாயிற்று. வந்த விருந்தினரை அவமானப்படுத்திவிட்டான் என்று என்னைப் பற்றிப் பேச்சு. ஐயா என்னைக் கூப்பிட்டு, "நாம் சிறிது காலம் ஓய்வெடுப்போம் பிரதர்" என்றார். எடுத்தேன். ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். ஆலோசனை யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனது. மூன்று வயதுப் பிள்ளைகளின் பாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பது மறுபடி தெரியவந்தது. வாசலில் செல்வராஜ் என் பெயரைச் சொல்லி, "அவரு வராம கதவு தெறக்காதுங்க" என்று நின்றுவிட்டார். "நாம் திரும்ப வந்துவிடுவோம்" என்றார் ஐயா. வந்தேன். முழங்கால் தேயும்வரை அதே கூடத்தில்தான் இருந்தேன். பெரியவர்கள் மேடையில் ஒரே ஒரு பிரசங்கம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கிருபா அன்றே மலை இறங்கித் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். வழக்கு இழுத்தது. பெண் அவளிடமே இருக்கட்டும் என்றானது. மாப்பிள்ளை இன்னும் பிரசங்கம் பண்ணுகிறார், பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். கிருபா எங்கள் சபைக்குத் திரும்பி வரவே இல்லை. கீழே ஒரு பெரிய சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். வளருகிற சபையாம்.

போன தை மாதம் முழங்காலைக் காட்டக் கீழே போனேன். ராசிபுரத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் முன் இருக்கையில் கிருபா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெனி. வளர்ந்து அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டாள். பேக்கரி ஒன்றில் வேலை பார்ப்பதாகக் கிருபா சொன்னாள்.

"ஏம்மா எங்க பக்கம் வர்றதே இல்ல?" என்று கேட்டேன்.

"அங்க வந்தா எல்லாரும் என் கையைத்தானுங்க பாப்பாங்க. இங்க என்னை ஆருக்கும் தெரியாது. நல்லாருக்குங்க" என்றாள். பிறகு மகளிடம், "கண்ணு, நம்ம மலைச் சர்ச்சு ஐயா, தெரியுதா?" என்றாள்.

ஜெனி திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஓ, அந்த ஜெபத்தை முடிக்காத ஐயாவா நீங்க?" என்றாள். "அன்னைக்கு எனக்குப் பசி உயிரே போச்சுங்க. வெளிய பிரியாணி வாசம் வருது, நீங்க கரடி ஏறுச்சு, நரி ஏறுச்சுன்னு சொல்லிட்டே இருக்கீங்க. கடசில அம்மா வந்து ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் பிரியாணி கெடைக்கல."

கிருபாவைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்று.

"தப்புத்தான் கண்ணு" என்றேன். "பசிக்க வெச்சிருக்கக் கூடாது."



"இப்பவும் அப்படித்தான் பண்றீங்களா?"

"இல்ல சாமி. ரிட்டயர் ஆயிட்டேன்."

"அப்ப அந்தப் புள்ளைங்க தப்பிச்சுதுங்க" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். "தப்பிச்சுது."